கேலிக்கு ஆளான கேலிக் மொழியும் நான்சி டோரியனும்

சோறு போடாத மொழி செத்துப் போகும். ஒரு மொழி ஏன் அழிகிறது என்று யாரைக் கேட்டாலும் சட்டென்று வந்து விழும் பதில் இது. காமர்ஸ் படிக்கிறவர்களைக் கேட்டால் இன்னும் கொஞ்சம் ஸ்டைலாகச் சொல்வார்கள்: டிமாண்ட் இல்லாத சரக்கு மார்க்கெட்டில் நிற்காது, அவ்வளவுதான், இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்கும் சரியாக வருவது போலத் தெரிகிறது. ஆனால் இந்தக் கணக்கை ஏறக்குறைய ஐம்பது வருஷம், அதுவும் ஒரே மூன்று ஊர்களை வைத்துக்கொண்டு சோதித்துப் பார்த்த ஒருவர் இருந்தார். பெயர் நான்சி டோரியன். அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாநிலத்தில் 1936இல் பிறந்தவர். பிரின் மார் கல்லூரியில் ஜெர்மன் துறையிலும் மானுடவியல் துறையிலும் மொழியியல் சொல்லிக் கொடுத்தவர். 2024 ஏப்ரலில் காலமானார். செய்தித்தாளில் பெரிய எழுத்தில் வரும் பெயர் அல்ல. ஆனால் ஒரு கூட்டம் தன் மொழியை விட்டு இன்னொரு மொழிக்கு எப்படி மாறுகிறது என்பதைப் பற்றி இன்று எழுதுகிற எவரும் இவரைத் தொடாமல் போக முடியாது.

1963இல் டோரியன் ஸ்காட்லாந்தின் வடகிழக்கே சதர்லாந்து கடற்கரைக்குப் போனார். ஸ்காட்லாந்து மொழியியல் ஆய்வுத் திட்டத்தின் கேலிக் பிரிவுக்காக அழிந்துகொண்டிருக்கும் ஒரு வட்டார வழக்கைப் பதிவு செய்யும் வேலை. (ஸ்காட்லாந்துக்காரர்கள் இதை 'காலிக்' என்று உச்சரிப்பார்கள். தமிழில் கேலிக் என்றே எழுதிப் பழகிவிட்டோம். இத்தனை கேலிக்கு ஆளான மொழிக்கு தமிழில் இப்படி ஒரு பெயர் அமைந்தது தற்செயல்தான்!) புரோரா, கோல்ஸ்பீ, எம்போ என்று மூன்று ஊர்கள். மூன்றிலும் சேர்த்து அந்த வழக்கைப் பேசுகிறவர்கள் இருநூறுக்குச் சற்று மேல். அதில் பாதிப் பேர் எம்போவில். அந்தச் சின்ன ஊரில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். மற்ற இரண்டு ஊர்களிலும் ஆங்காங்கே சில வயதானவர்கள்.

வழக்கமாக இப்படிப்பட்ட வேலையில் என்ன நடக்கும்? ஆராய்ச்சியாளர் டேப் ரிக்கார்டரோடு போவார், ஊரிலேயே 'சுத்தமாக'ப் பேசுகிற கிழவர் யார் என்று விசாரிப்பார், அவரிடம் ஆயிரம் சொல் பதிவு செய்வார், மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவார். டாக்டர் பட்டம் கிடைக்கும், வேலை கிடைக்கும், சுபம். டோரியனுக்கும் 1965இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பட்டம் கிடைத்தது. அதன் பிறகும் அவர் அந்த மூன்று ஊர்களை விடவில்லை. அவருடைய பெரிய புத்தகங்களில் ஒன்று வந்தது 2010இல். அதுவும் அதே ஊர்களைப் பற்றித்தான்.

அந்த ஊர்களில் கேலிக் பேசியவர்கள் யார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அவர்கள் மீனவர்கள், அல்லது மீனவர்களின் பிள்ளைகள். அதிலும் பரம்பரை மீனவர்கள் கிடையாது, மீனவர்களாக ஆக்கப்பட்டவர்கள். 1807க்கும் 1821க்கும் இடையில் சதர்லாந்து சீமாட்டியும் அவர் கணவரும் தங்கள் எஸ்டேட்டின் உட்பகுதிப் பள்ளத்தாக்குகளில் இருந்த குடியானவர்களை ஆயிரக்கணக்கில் வெளியேற்றினார்கள். காரணம், ஆடு. குடியானவன் கொடுக்கும் வாரத்தைவிட ஆட்டுப் பண்ணைக் குத்தகையில் லாபம் அதிகம். வெளியேற்றப்பட்டவர்களுக்குக் கடற்கரையில் துண்டு துண்டாக நிலம் கொடுத்து, மீன் பிடித்துப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். உழவு தெரிந்தவனுக்குப் படகு! (அந்தச் சீமாட்டியின் கணவர் பின்னால் டியூக் ஆனார். கோல்ஸ்பீக்கு மேலே மலையுச்சியில் அவருடைய மிகப் பெரிய சிலை இன்றும் நிற்கிறது. கீழே கடற்கரையில் இருக்கிற எவருக்கும் தெரியும்படி.)

இப்படி வந்தவர்கள் ஊரின் கடைக்கோடியில் தனித் தெருக்களில் குடியிருந்தார்கள். ஆண்கள் கடலுக்குப் போனார்கள். பெண்கள் தூண்டிலுக்கு இரை பொறுக்கினார்கள், கொக்கிகளில் இரை கோத்தார்கள், மீன் கூடையை முதுகில் சுமந்து உள்நாட்டுப் பண்ணைகளுக்கு நடந்து போய் விற்றார்கள். மற்ற ஊர்க்காரர்கள் இவர்களோடு சம்பந்தம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். கல்யாணம் எல்லாம் தங்களுக்குள்ளேயே. விளைவு, ஊரில் பாதிப் பேருக்கு ஒரே பெயர், ஒரே குடும்பப் பெயர். அடையாளம் காண ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பட்டப்பெயர்களைப் பற்றியே டோரியன் 1970இல் தனிக் கட்டுரை எழுதினார். சில பட்டப்பெயர்களை அந்த ஆள் முன்னாலேயே சொல்லலாம், சிலவற்றை முதுகுக்குப் பின்னால்தான் சொல்ல வேண்டும். நம் ஊர் மாதிரியேதான் :)

ஆரம்பத்தில் அந்தச் சீமை முழுவதும், மீனவன் மீனவன் அல்லாதவன் என்ற வித்தியாசமில்லாமல், கேலிக்தான் பேசியது. தெற்கிலிருந்து வந்த பண்ணைக்காரர்கள், கணக்கப்பிள்ளைகள், பள்ளிக்கூடம், ரயில் என்று ஆங்கிலம் நுழைந்தது. 1872இல் ஸ்காட்லாந்துக்கு வந்த கல்விச் சட்டத்தில் கேலிக் என்ற பேச்சே இல்லை. கடைக்காரரும் விவசாயியும் முதலில் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். மீனவர்களோடு யாரும் பழகாததால் அவர்கள் மாறவில்லை, அல்லது மெதுவாக மாறினார்கள். இருபதாம் நூற்றாண்டு வந்தபோது நிலைமை தலைகீழ். ஊருக்கே பொதுவாக இருந்த மொழி, மீனவன் மொழி ஆகிவிட்டது. வாயைத் திறந்து கேலிக்கில் ஒரு வார்த்தை பேசினால் நீ எந்தத் தெரு என்று தெரிந்துவிடும்.

தெரு தெரிந்துவிடும் என்றால் என்ன அர்த்தம் என்று தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஒதுக்கி வைத்ததால்தான் மொழி அவ்வளவு நாள் பிழைத்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு மீன்பிடித் தொழில் நொடித்தது. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள். தெருவை விட்டு வெளியே வர முதன்முறையாக வழி திறந்தது. வெளியே வருகிறவன் மீன் வாடையை விட்டுவிட்டு வரலாம், படகை விட்டுவிட்டு வரலாம். நாக்கில் இருக்கிற மொழியை என்ன செய்வது? பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்காமல் விடலாம். விட்டார்கள்.

'சோறு போடாத மொழி' கணக்கு இந்த இடத்தில்தான் உதைக்கிறது. அந்தப் பெற்றோர்களுக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை, நன்றாகவே தெரியும். டோரியன் பழகியவர்கள் அத்தனை பேரும் இருமொழிக்காரர்கள். வேலைக்கு வேண்டிய ஆங்கிலம் வீட்டுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. கேலிக்கையும் சேர்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தால் சம்பளத்தில் ஒரு பைசா குறைந்திருக்காது. ஆகவே லாபம் தேடி ஒரு மொழியை விற்று இன்னொன்றை வாங்கிய கதை அல்ல இது. நெற்றியில் ஒட்டியிருந்த லேபிளைக் கிழித்த கதை. லேபிளை ஒட்டியவர்கள் யார் என்று கேட்காமல் கிழித்தவர்களைப் பார்த்து, அவர்களாகவே விட்டுவிட்டார்கள், அது அவர்கள் சுதந்திரம் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? ஒரு மொழிக்கு இருக்கும் மதிப்பு அதைப் பேசுகிறவர்களுக்கு இருக்கும் மதிப்புதான் என்று டோரியன் பிற்காலத்தில் திரும்பத் திரும்ப எழுதினார். பேசுகிறவனை மட்டம் தட்டினால் மொழியும் மட்டம். அதன் இலக்கணமோ இலக்கியமோ இதில் வருவதே இல்லை.

நூற்றாண்டுக் கணக்கில் ஆடாமல் அசையாமல் இருந்த மொழி ஒரே தலைமுறையில் குடை சாய்ந்துவிடும் என்பதையும் அவர் 1981இல் வந்த 'லாங்வேஜ் டெத்' புத்தகத்தில் காட்டினார். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் திடீர் மரணம் போலத் தெரியும். உண்மையில் அச்சாணி எப்போதோ கழன்றிருக்கும்.

டோரியன் செய்த இன்னொரு காரியம்தான் அவரை மற்ற ஆராய்ச்சியாளர்களிடமிருந்து பிரிக்கிறது. அந்த ஊர்களில் நடுவயதுக்காரர்கள் சிலர் கேலிக்கைத் தப்பும் தவறுமாகப் பேசினார்கள். பன்மை விகுதி குழம்பும், வினைச்சொல் முடிவு தவறும், சொல்லின் முதலெழுத்து மாற வேண்டிய இடத்தில் மாறாது. அந்தக் கால மொழியியல் இவர்களைச் சீண்டவே சீண்டாது. டோரியன் இவர்களுக்கு ஒரு பெயர் கொடுத்தார். தமிழில் அரைப்பேச்சுக்காரர்கள் எனலாம். 1970களில் இவர்களையும் உட்கார வைத்து, முழுப் பேச்சுக்காரர்களிடம் கேட்ட அதே வாக்கியங்களைக் கேட்டு, எது முதலில் உதிர்கிறது, எது கடைசி வரை நிற்கிறது என்று கணக்கெடுத்தார். ஒரு மொழி எந்த வரிசையில் கரைகிறது என்பது அப்படித்தான் வெளியே வந்தது.

அதைவிட சுவாரசியமான கேள்வி ஒன்று உண்டு. அண்ணன் தம்பிகள் எல்லாம் ஆங்கிலத்துக்குப் போய்விட்டபோது இந்த அரைப்பேச்சுக்காரர் மட்டும் ஏன் பேச முயன்றார்? அவர் கண்டுபிடித்த காரணங்களில் முக்கியமானது பாட்டி. பாட்டி, பெரியம்மா, யாரோ ஒரு வயதான உறவுக்காரர் மேல் வைத்த பாசம். அப்பா அம்மா ஆங்கிலத்தில் வளர்த்தாலும் அந்தக் கிழவியோடு பேச வேண்டும் என்ற ஆசையில் கற்றுக்கொண்டது. எந்த டிமாண்ட் சப்ளை கோட்டில் இதை வரைவது?

இன்னும் ஒரு படி கீழே, ஏறக்குறைய பேசவே வராதவர்கள் இருந்தார்கள். ஆனால் எல்லாம் புரியும். பேச்சுக்கு நடுவே சரியான இடத்தில் சிரிப்பார்கள், சரியான இடத்தில் ஒரே ஒரு வார்த்தை போடுவார்கள். கூட்டத்தில் யாரும் அவர்களை வெளியாளாக நினைக்கவில்லை. டோரியனுக்கோ இலக்கணம் அவர்களைவிட நன்றாக வரும். ஆனால் வேகமான பேச்சில் வந்து விழும் ஜோக் அவர்களுக்குப் புரிகிற மாதிரி அவருக்குப் புரியாது. அவரே இதை ஒப்புக்கொண்டு 1982இல் எழுதினார். மொழிச் சமூகம் என்பதில் பேசத் தெரிந்தவன் மட்டும் அல்ல, கேட்கத் தெரிந்தவனும் உண்டு என்று வாதாடினார். தன்னைவிடத் தப்பாகப் பேசுகிறவர்கள் தன்னைவிட அந்த மொழிக்குச் சொந்தக்காரர்கள் என்று ஒரு பேராசிரியர் அச்சில் எழுதியது சாதாரண விஷயமா!

இதற்கு நேர் எதிரே நிற்பது தூய்மைக்காரர்களின் சிரிப்பு. மொழியைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்புகிறவர்களில் பலர் முதலில் செய்வது, தப்பாகப் பேசுகிறவனைத் திருத்துவது. திருத்துவதுகூடப் பரவாயில்லை, நக்கல் அடிப்பது. வெளிநாட்டில் வளர்ந்து 'ழ' வராத தமிழ்ப் பிள்ளை லீவுக்கு ஊருக்கு வந்து பேசினால் என்ன வரவேற்பு கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு தடவை சிரித்தால் போதும், மூன்றாம் தடவை அந்தப் பிள்ளை ஆங்கிலத்தில்தான் பதில் சொல்லும். அப்புறம் 'தமிழே தெரியலை' என்று பெருமூச்சு வேறு. 1994இல் டோரியன் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். கறாரான தூய்மை, பிழைக்க வேண்டிய சின்ன மொழிகளுக்குத் தடையாகிறது. கொஞ்சம் விட்டுக்கொடுத்த மொழிகளே தாக்குப்பிடிக்க வாய்ப்பு அதிகம் என்பது அவர் கட்சி. இதைச் சொல்லும் தகுதி அவருக்கு இருந்தது. எம்போ மீனவர்களே தங்கள் கேலிக் மட்டமானது, பைபிளில் இருப்பதுதான் நல்ல கேலிக் என்று நம்பியிருந்ததை நேரில் பார்த்தவர் அவர்.

சரி, அவர் இவ்வளவு செய்தும் அந்த ஊர்களில் மொழி பிழைத்ததா? இல்லை. ஊருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். டோரியன் டாக்டர் மாதிரி வந்தவர் இல்லை, பிள்ளைகள் பேசாத மொழி என்ன ஆகும் என்று தெரிந்தே வந்தவர். மொழியை மட்டும் எடுத்துக்கொண்டு மனிதர்களை விட்டுவிடவில்லை என்பது அவர் தரப்பில் சொல்லக்கூடியது. அந்த மீனவர்களின் வாழ்க்கையை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு 1985இல் தனிப் புத்தகம் கொண்டுவந்தார். பிறகு உடல்நலம் கெட்டுப் பயணம் நின்றபோது அமெரிக்காவிலிருந்தே தொலைபேசியில் பேசி, ஒலிநாடா அனுப்பி வாங்கி வேலையைத் தொடர்ந்தார். 2010 புத்தகத்தின் பெரும்பகுதி அப்படி வந்ததுதான். ஒரே வீட்டில் பிறந்த உடன்பிறப்புகள் ஒரே சொல்லை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள், யாரும் அதைக் கவனித்ததுகூட இல்லை என்பது அதில் வரும் கண்டுபிடிப்பு. ஒரு வாரம் வந்து போகிற ஆராய்ச்சியாளர் கண்ணில் அது படவே படாது.

இதற்கிடையே ஸ்காட்லாந்து மனம் மாறியது. 1985இல் கேலிக் வழிக் கல்வி தொடங்கியது. 2005இல் கேலிக் சட்டம், 2008இல் பிபிசி ஆல்பா தொலைக்காட்சி, 2025இல் அதிகாரபூர்வ மொழி என்ற தகுதியைத் தரும் சட்டம். கேலிக் ஓரளவாவது தெரியும் என்றவர்கள் 2011 கணக்கெடுப்பில் சுமார் 87 ஆயிரம், 2022இல் சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம். கைதட்டலாம். ஆனால் கேலிக்கின் கோட்டையான மேற்குத் தீவுகளிலேயே பேசுகிறவர்கள் அதே 2022இல் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் வருவதும் எம்போ பாட்டியின் கேலிக் அல்ல. அந்தப் பாட்டி இன்று பரீட்சை எழுதினால் பாஸாவது சந்தேகம்.

அக்கவுண்டன்சி வகுப்பில் குட்வில் பற்றிப் படித்தது ஞாபகம் இருக்கும். ஒரு வியாபாரம் தானாக உண்டாக்கிக்கொண்ட நற்பெயரைச் சொத்தாக பேலன்ஸ் ஷீட்டில் காட்டக்கூடாது. அதையே இன்னொருவர் காசு கொடுத்து வாங்கினால் காட்டலாம். அதாவது வீட்டில் சும்மா இருக்கும்வரை மதிப்பு பூஜ்யம், விலை கொடுத்து வாங்கும்போதுதான் விலையே தெரியும். பாட்டியிடம் இலவசமாகக் கிடைத்த மொழியைச் சட்டம் போட்டு, டிவி வைத்து, ஆசிரியர் பயிற்சி கொடுத்துத் திரும்ப வாங்குகிற ஸ்காட்லாந்துக்கு இது நன்றாகவே தெரியும்.

எதிர்க்கட்சியையும் கேட்டுவிட வேண்டும். பீட்டர் லேடிஃபோகட், உலகின் ஒலியியல் அறிஞர்களில் முதல் வரிசைக்காரர். (ஹாலிவுட்டின் 'மை ஃபேர் லேடி' படத்துக்கு ஆலோசகராக இருந்தவரும் இவரே.) 1992இல் மொழியியலாளர்களின் முக்கிய இதழான 'லாங்வேஜ்' அழியும் மொழிகளைக் காக்க வேண்டும் என்று கட்டுரைகள் வெளியிட்டபோது, அதே ஆண்டில் அதே இதழில் இவர் மறுத்து எழுதினார். அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று நமக்குப் பக்கத்து வீடு: நீலகிரி தோடர்கள். ஆயிரம் பேர்கூடப் பேசாத மொழி. இளைஞர்கள் முன்னோரை மதிக்கிறார்கள், ஆனால் நவீன இந்தியாவின் பகுதியாக இருக்க ஆசைப்படுகிறார்கள். அவர்கள் முடிவு அது, அதில் தலையிட மொழியியலாளன் யார் என்பது அவர் வாதம். இன்னொரு உதாரணம் கென்யாவில் தகாலோ என்ற மொழி பேசிய ஒருவர். தன் பையன்களுக்கு அந்த மொழி கேட்டால் புரியும், பேச வராது, சுவாஹிலிதான் பேசுவார்கள் என்று சொன்னபோது அவர் சிரித்தாராம். பிள்ளைகள் படித்தவர்கள் என்ற பெருமை. அவர் செய்தது தவறு என்று சொல்ல நான் யார் என்று கேட்டு நிறுத்தினார் லேடிஃபோகட்.

நேர்மையான கேள்வி. வெளியூர் விஞ்ஞானி வந்து, உன் மொழி அபூர்வமானது, நீ மலையிலேயே இரு என்று சொன்னால் அதைவிட அக்கிரமம் கிடையாது. ஆனால் தோடர்கள் மலையை விட்டு இறங்கினால் மொழியையும் விட வேண்டும் என்ற நிபந்தனையைப் போட்டது யார்? தோடர்களா? பக்கத்தில் இருக்கும் பெரிய மொழிக்காரர்கள், அதில் தமிழர்களும் சேர்த்தி, மலைஜாதிப் பேச்சு என்று பார்த்த பார்வைக்கு அதில் பங்கே இல்லையா? ஆங்கிலத்தின் முன்னால் நாம் மீனவன் தெருவில் நிற்கிறோம், தோடர் முன்னால் நாமே கடைத்தெருக்காரர்கள். எமனோ போன்றவர்கள் வருஷக்கணக்கில் உட்கார்ந்து தோடர் பாட்டுகளைத் தொகுத்துப் புத்தகம் போட்டும், மந்துகளில் இன்னும் அந்த மொழி பேசப்பட்டும், அது ஒரு மொழி என்பதே ஊட்டிக்குப் போய் வருகிற நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

டோரியன் 1993இல் லேடிஃபோகடுக்குப் பதில் எழுதினார். அந்தத் தகாலோ அப்பாவின் சிரிப்பை அவர் சந்தேகப்படவில்லை. அதே சிரிப்பை, அதே பெருமையை சதர்லாந்தில் அவரே பார்த்திருக்கிறார். அவர் சொன்னது, கணக்கை இரண்டாம் தலைமுறையோடு முடித்துவிடாதீர்கள் என்பதுதான். அப்பாவுக்கு லேபிள் போனதில் நிம்மதி. மகனுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. லேபிளின் சூடே படாத பேரன் பேத்திகள்தான் ஒருநாள் வந்து, எங்களுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்கிறார்கள். அப்போது பதில் சொல்ல வேண்டியவர்கள் இருப்பதில்லை.

தகாலோக்காரர் சிரித்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் பையன்களுக்கு இப்போது ஐம்பது வயதை ஒட்டி இருக்கும், பேரன் பேத்திகள்கூடப் பிறந்திருக்கலாம். யாராவது போய் இந்தப் பக்கத்துக் கேள்வியையும் கேட்டுவிட்டு வந்தால் நல்லது.